மழைச் சாலையில் டயரின் பிடிப்பு

ஜூன் முதல் தேதியை ஒட்டிக் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். அங்கிருந்து மழை கடற்கரை ஓரமாகவே வடக்கே ஏறும். கர்நாடகம், கோவா, கொங்கண் என்று நனைத்துக்கொண்டே போய், ஜூன் 11 வாக்கில் மும்பையைத் தொடும். டெல்லிக்குப் போய்ச் சேர ஜூன் கடைசி வாரம் ஆகும். இவை வழக்கமான தேதிகள். சில ஆண்டுகளில் முன்னே பின்னே ஆகும்.

மழைக்கு முன்பே உழவர் விதையை எடுத்து வைக்கிறார். வீட்டுக்காரர் உடைந்த ஓட்டை மாற்றுகிறார். மேற்குக் கடற்கரையில் மீனவர்கள் விசைப்படகுகளைக் கரையில் நிறுத்தி விடுகிறார்கள். மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர் என்ன செய்கிறார்? பெரும்பாலும் ஒரு மழைக்கோட்டு வாங்குகிறார். அத்தோடு சரி. நனையாமல் இருக்கக் கோட்டு போதும். விழாமல் இருக்க டயரைப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். எல்லாரும் மழையில் விழுந்தவர்கள் அல்லர். ஆனாலும் கார் வழுக்கினால் கார் மட்டும் வழுக்கும். மோட்டார் சைக்கிள் வழுக்கினால் ஆள் கீழே விழுவார். பின்னால் வரும் லாரிக்கு அவர் விழுந்தது தெரியாமலும் போகலாம்.

உள்ளங்கை அளவு இடம்

மோட்டார் சைக்கிள் டயர் பெரிதாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒரு நேரத்தில் அதில் எவ்வளவு சாலையைத் தொடுகிறது? உங்கள் உள்ளங்கையைப் பாருங்கள். ஏறக்குறைய அவ்வளவுதான். வண்டியின் எடை, ஓட்டுபவரின் எடை, பின்னால் இருப்பவரின் எடை, கூடவே அரிசி மூட்டை. எல்லாவற்றையும் இரண்டு உள்ளங்கை அளவு ரப்பர் தாங்குகிறது. வண்டி நிற்பதும் திரும்புவதும் அந்த இடத்தை நம்பித்தான்.

ரப்பர் எப்படிப் பிடிக்கிறது? தார்ச் சாலையும் சிமெண்ட் சாலையும் தொட்டுப் பார்த்தால் சொரசொரப்பாக இருக்கும். மெதுவான ரப்பர் அந்தச் சொரசொரப்புக்குள் அழுந்திக் கவ்விக்கொள்கிறது. நடுவில் தண்ணீர் வந்தால் ரப்பர் கல்லைத் தொடாது. தண்ணீரின் மேல் நிற்கும். தேய்ந்த ரப்பர் செருப்போடு ஈரத் துணி துவைக்கும் கல்லில் கால் வைத்துப் பாருங்கள். புதுச் செருப்பு நிற்கும். தேய்ந்தது இழுத்துக்கொண்டு போகும். அதே கதைதான் டயருக்கும்.

டயரில் உள்ள பள்ளங்கள் அழகுக்காக வெட்டியவை அல்ல. அவை வாய்க்கால்கள். சக்கரம் உருளும்போது அடியில் சிக்கும் தண்ணீர் அந்த வாய்க்கால் வழியாக ஓரத்துக்கு ஓடி விடும். மேடாக இருக்கும் ரப்பர், அதாவது பட்டன், ஈரம் வடிந்த சாலையைத் தொடும். வேகம் கூடினால் தண்ணீர் ஓட நேரம் போதாது. தேங்கிய தண்ணீரில் மிக வேகமாகப் போனால் டயர் சாலையை விட்டு மிதக்கவே தொடங்கும். அப்போது கைப்பிடியைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது.

வெயிலில் பிடித்த டயர்

இங்கே பலர் ஏமாந்து போகிறார்கள். "மொட்டை டயரோடுதான் ஏப்ரல், மே முழுவதும் ஓட்டினேன். ஒன்றும் ஆகவில்லையே" என்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய் இல்லை. காய்ந்த சாலையில் பள்ளம் தேவையே இல்லை. பந்தய மோட்டார் சைக்கிள்களுக்குக் காய்ந்த சாலையில் பள்ளமே இல்லாத வழவழப்பான டயரைத்தான் போடுகிறார்கள். மழை வந்தால் அதைக் கழற்றிவிட்டு, பள்ளம் உள்ள டயரை மாட்டுகிறார்கள். பந்தயக்காரருக்கு இரண்டு ஜோடி டயர் உண்டு. பால் ஊற்றப் போகிறவருக்கு ஒரே ஜோடிதான். அந்த ஒரு ஜோடி மழைக்கும் தாங்க வேண்டும்.

மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் ஓர் ஆண்டில் 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்வதைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கே மாதங்களில் கொட்டி விடும். மண்ணோ சிவப்பு மண். மலைச்சரிவிலிருந்து வழியும் சேறு சாலையில் படிந்து மெழுகிவிட்ட தரைபோல் ஆகிவிடும். மும்பையிலிருந்து கோவா போகும் நெடுஞ்சாலை இந்த மாவட்டத்தின் வழியாகத்தான் போகிறது.

அப்படிப்பட்ட சாலை ஓரத்தில் ஒரு பஞ்சர் கடை என்று வைத்துக்கொள்வோம். மே மாதக் கடைசியில் ஓர் இளைஞர் வருகிறார். வண்டியின் இரு பக்கமும் பால் கேன்கள் தொங்குகின்றன. கடைக்காரர் வயதானவர். அந்தப் பக்கத்தில் பெரியவர்களைக் 'காகா' என்று அழைப்பார்கள். நம் ஊரில் சித்தப்பா என்பதுபோல.

"காகா, பின் டயர் மட்டும் மாற்றுங்கள். முன் டயரில் பட்டன் இருக்கிறது."

"பட்டன் இருக்கிறது தம்பி. எழுதப் படிக்கத் தெரியுமா உனக்கு?"

"தெரியும். இரவு வகுப்பில் படித்தேன்."

"அப்படியானால் டயரைப் படி."

டயரில் எழுதியிருப்பது

டயரின் பக்கவாட்டில் நிறைய எழுத்துகளும் எண்களும் இருக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. அந்த இளைஞர் குனிந்து பார்த்தார். ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருந்தன. 2315.

"இது விலையா காகா?"

"வயது. முதல் இரண்டு எண் வாரம். பின் இரண்டு எண் ஆண்டு. 2015-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் பிறந்தது."

வெயிலும் காற்றும் பட்டு ரப்பர் ஆண்டுக்கு ஆண்டு இறுகும். இறுகிய ரப்பர் சாலையின் சொரசொரப்புக்குள் அழுந்தாது. பட்டன் இருந்தும் பிடிப்பு இருக்காது. நகத்தால் அழுத்திப் பார்த்தால் நல்ல ரப்பர் சிறிது பதியும். பழையது கல்போல் நிற்கும். பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகளும் தெரியும். இயந்திரத்தின் இழுப்பு பின் சக்கரத்துக்குத்தான் போகிறது. அதனால் பின் டயர் சீக்கிரம் தேயும். அதை மாற்றி விடுகிறோம். முன் டயர் தேயாமலே கிழடாகி விடுகிறது. வண்டியைத் திருப்புவது முன் சக்கரம். அது வழுக்கினால் காலை ஊன்றிக்கூடச் சமாளிக்க முடியாது.

அடுத்து, டயரின் தோளில் டி, டபிள்யூ, ஐ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள். சில டயர்களில் ஒரு சிறு முக்கோணம் மட்டும் இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் பார்த்தால் அடியில் ஒரு சிறு ரப்பர் மேடு தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் காலம் முடிந்தது. இரு சக்கர வண்டிக்கு இந்த அளவு 0.8 மில்லிமீட்டர். காருக்கு 1.6 மில்லிமீட்டர். இவை மோட்டார் வாகன விதிகளில் உள்ள அளவுகள். ஒரு மில்லிமீட்டர்கூட ஆழமில்லாத வாய்க்கால் எவ்வளவு தண்ணீரைக் கடத்தும்? மேடு வரும் வரை காத்திராமல், மழைக்காலம் தொடங்கும் முன்பே மாற்றுவது நல்லது.

சில டயர்களில் ஓர் அம்புக்குறி இருக்கும். சக்கரம் உருளும் திசையை அது காட்டும். பஞ்சர் ஒட்டிவிட்டு மாட்டும்போது சிலர் மாற்றி மாட்டி விடுவார்கள். அம்பு முன்னோக்கி உருளும்படி இருக்கிறதா என்று வண்டிக்காரர்தான் பார்க்க வேண்டும்.

இளைஞருக்கு இன்னொரு யோசனை வந்தது. "பழைய டயரிலேயே பள்ளம் வெட்டித் தருகிறார்களே காகா. செலவு குறைவு."

"வெட்டலாம். மிச்சம் இருக்கும் கொஞ்ச ரப்பரையும் வெட்டி எடுத்தால் உள்ளே நூல் வந்துவிடும். நூல் தெரிந்தால் டயர் வெடிக்கும். உன் பின்னால் எண்பது லிட்டர் பால் தொங்குகிறது தம்பி."

ஒரு டயரின் விலை ஏழைக் குடும்பத்துக்குச் சிறிய தொகை அல்ல. ஒரு மாதப் பால் வரும்படியில் பெரிய துண்டு விழும். ஆனால் மணிக்கட்டு முறிந்தால் ஒன்றரை மாதம் வண்டி ஓட்ட முடியாது. அந்த ஒன்றரை மாதமும் பால் வாங்கியவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். இளைஞர் அன்று முன் டயரையும் மாற்றினார். பணத்தில் பாதியைக் கடன் சொன்னார். புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும். நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் வரை நிதானமாக ஓட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார் கடைக்காரர். மழைக்கு முன்பே டயரை மாற்றுவதில் இந்த வசதியும் இருக்கிறது.

காற்று

காற்று குறைந்தால் டயர் நடுவில் குழிந்து தண்ணீரைச் சரியாகத் தள்ளாது. கூடினால் சாலையைத் தொடும் இடம் சுருங்கும். எத்தனை பவுண்டு என்பது வண்டியோடு தந்த புத்தகத்தில் இருக்கும். பல 100 சிசி வண்டிகளில் முன் டயருக்கு 25, பின் டயருக்கு 28 என்று போட்டிருக்கும். பின்னால் ஆளோ பாரமோ ஏறினால் பின் டயருக்குக் கூட்ட வேண்டும். அந்த அளவும் அதிலேயே இருக்கும். காலையில், டயர் சூடாகும் முன் காற்றைப் பார்ப்பது சரியான முறை.

முதல் மழை, இரும்பு, வெள்ளைக் கோடு

பலத்த மழையை விட முதல் தூறல்தான் அதிகம் வழுக்கும். மாதக்கணக்கில் சாலையில் சொட்டிய எண்ணெய், தூசி, தேய்ந்த ரப்பர்ப் பொடி எல்லாம் படிந்து கிடக்கின்றன. கொஞ்சம் தண்ணீர் பட்டதும் அவை குழம்பி வழவழவென்று ஆகின்றன. நன்றாகப் பெய்து கழுவிவிட்ட பிறகு சாலை சற்றுத் தேறும். முதல் பத்துப் பதினைந்து நிமிடம் ஒரு டீக்கடையில் ஒதுங்கி நின்றால் நட்டம் ஒன்றும் இல்லை.

எல்லா இடமும் ஒன்றுபோல் வழுக்குவதில்லை. சாலையில் போட்ட வெள்ளைக் கோடு, சாக்கடை மூடி, பாலத்தின் இரும்பு இணைப்பு, ரயில்வே கேட்டின் தண்டவாளம் ஆகியவற்றில் சொரசொரப்பு இல்லை. ரப்பர் கவ்வ இடமில்லை. கொல்கத்தாவில் டிராம் தண்டவாளம் பதித்த தெருக்களிலும், மும்பையில் சிமெண்ட் கட்டி பதித்த இடங்களிலும் இதைப் பார்க்கலாம். தண்டவாளத்தை நேர்குறுக்காகக் கடக்க வேண்டும். சாய்வாகக் கடந்தால் சக்கரம் தண்டவாளத்தோடு ஓடப் பார்க்கும். இரும்பின் மேல் இருக்கும்போது பிரேக் பிடிக்கக் கூடாது. வண்டியைச் சாய்க்கவும் கூடாது.

முன் பிரேக்கா, பின் பிரேக்கா?

"மழையில் முன் பிரேக்கைத் தொடாதே" என்று ஊரில் சொல்வார்கள். இது பாதிதான் சரி. பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாய்கிறது. பேருந்து திடீரென்று நின்றால் நாம் முன்னால் விழுகிறோம் அல்லவா? அதுபோல. அப்போது முன் டயர் சாலையில் நன்றாக அழுந்தும்; பின் டயர் லேசாகிவிடும். லேசான பின் சக்கரத்தை மட்டும் அழுத்தி மிதித்தால் அது சுழல்வதை நிறுத்தி வழுக்கும். வண்டியின் பின்பாகம் பக்கவாட்டில் போகும். ஆகவே இரண்டு பிரேக்கையும் சேர்த்தே பிடிக்க வேண்டும். ஆனால் கறக்கும்போது பசுவின் மடியைப் பிடிப்பதுபோல, மெதுவாகத் தொடங்கி அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். வெடுக்கென்று பிடித்தால் முன் சக்கரமும் பூட்டிக்கொள்ளும். ஊரார் பயப்படுவது அதற்குத்தான்.

வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைக்க வேண்டும். இறக்கத்தில் கிளட்சைப் பிடித்துக்கொண்டோ நியூட்ரலிலோ இறங்கக் கூடாது. கியரில் இருந்தால் இயந்திரமே வண்டியை இழுத்துப் பிடிக்கும்.

2019 ஏப்ரல் முதல் விற்கும் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் ஏ.பி.எஸ். கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது தடுக்கிறது. நல்ல கருவிதான். ஆனால் மொட்டை டயருக்குப் பட்டன் முளைக்கவைக்க அதனால் முடியாது.

நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்? சாலை போடும் பொறியாளர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தடையைப் பார்த்து, யோசித்து, பிரேக் பிடித்து, வண்டி நிற்கும் வரை உள்ள தூரம் அது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் 30 மீட்டர். 50 கிலோமீட்டர் வேகத்தில் 60 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்தில் 120 மீட்டர். 60 மீட்டர் என்பது ஏறக்குறைய 80 எட்டு. நல்ல டயர், நல்ல பிரேக் உள்ள வண்டிக்குத்தான் இந்தக் கணக்கு.

பேசிப் பார்க்க

உங்கள் வண்டியிலோ பக்கத்து வீட்டு வண்டியிலோ டயரின் நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். அது எந்த ஆண்டில் செய்தது?

உங்கள் ஊர்ச் சாலையில் மழையில் வழுக்கும் இடங்கள் எவை? அங்கே சேறோ எண்ணெயோ படிந்தால் யாரிடம் சொல்ல வேண்டும்?

தெருவில் 80 எட்டு நடந்து பாருங்கள். முன்னால் போகும் பேருந்துக்கும் உங்கள் வண்டிக்கும் இடையே வழக்கமாக அவ்வளவு இடம் விடுகிறீர்களா?