முள் பூஜ்ஜியத்தில் நின்றால் போதுமா?

ஆடி வெள்ளிக்கிழமை படவேட்டில் ரேணுகாம்பாள் கோயிலைச் சுற்றி வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. சந்தவாசலிலிருந்து வரும் சாலை முழுக்க வேன்களும், குடும்பத்தையே ஏற்றிக்கொண்ட பைக்குகளும்தான். மற்ற நாட்களில் வாழைத்தார் கட்டிய எக்ஸ்.எல். வண்டிகள் போகும், நெய்த சேலையை ஆரணிக்குக் கொண்டுபோகிறவர்களும் போவார்கள். இத்தனை பாரத்தையும் சுமக்கும் டயர்களில் காற்று சரியாக இருக்கிறதா என்று சொல்ல இருப்பது, பஞ்சர் கடையில் தொங்கும் கேஜ் ஒன்றுதான். அந்தக் கேஜே சரியாக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்காததற்குக் காரணம், கேஜைப் பற்றி நமக்குள் ஊறிப்போன சில நம்பிக்கைகள்.

அவற்றில் முதலாவது: “முள் பூஜ்ஜியத்தில்தானே நிற்கிறது, அப்புறம் என்ன?”

வட்டமான கேஜின் முகப்பைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே அரை வட்டமாக வளைந்த தட்டையான பித்தளைக் குழாய் ஒன்று இருக்கும். காற்று உள்ளே போனதும் அந்தக் குழாய் நிமிரப் பார்க்கும். அதன் நுனி ஒரு சின்னக் கம்பியை இழுக்க, கம்பி பல் சக்கரத்தைத் திருப்ப, முள் நகரும். இந்த அமைப்புக்குப் பிரான்ஸில் யூஜீன் போர்டன் 1849இல் காப்புரிமை வாங்கினார். நசுங்கிப்போன சுருள் குழாய் ஒன்றைச் சரிசெய்ய அதற்குள் அழுத்தம் கொடுத்தபோது, குழாய் தானாகச் சுருள் பிரிந்ததைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது. நீராவி எஞ்சினுக்காகச் செய்த பொருள் இன்று நம் தெருமுனைப் பஞ்சர் கடை வரை வந்திருக்கிறது.

அந்தக் குழாய்க்கு ஒரு எல்லை உண்டு. 60 பாயிண்ட் (பி.எஸ்.ஐ.) வரை அளக்கும் கேஜில் கம்ப்ரசரின் முழு அழுத்தம் திடீரென்று பாய்ந்தால் குழாய் பழைய வளைவுக்கு முழுதாகத் திரும்பாது. அதற்குப் பிறகு அது எப்போதும் கூடுதலாகவே காட்டும். கேஜ் 30 என்று சொல்லும், டயரில் 26 இருக்கும். கை தவறிக் கீழே விழுந்தால் பல் சக்கரம் ஒரு பல் தாண்டி உட்காரலாம். பல கேஜ்களில் முள் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்காமல் தடுக்க ஒரு சிறு ஆணி இருக்கிறது. அதனால் குறைத்துக் காட்டும் கேஜின் முள்ளும் பூஜ்ஜியத்தில் ஒழுங்காகச் சாய்ந்து நிற்கும். பூஜ்ஜியம் சரியாக இருந்தால் பூஜ்ஜியம் மட்டும்தான் சரி; நமக்கு வேண்டியது 25க்கும் 40க்கும் நடுவே அது என்ன காட்டுகிறது என்பது.

முள்ளைக் கையால் திருப்பிப் பூஜ்ஜியத்தில் வைத்துவிட்டு “ரிப்பேர் ஆயிடுச்சு” என்று சொல்வதும் இதனால்தான் ஆபத்து. முள் மட்டும் நழுவியிருந்தால் அது பலிக்கும். குழாயே தளர்ந்திருந்தால் கோளாறை மூடி மறைத்ததுதான் மிச்சம்.

இதற்கு நேர் எதிரான நம்பிக்கையும் உண்டு: “வைத்தால் புஸ்ஸென்று காற்று போகிறது, கேஜ் போச்சு.” பெரும்பாலும் கேஜுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வால்வின் மேல் அமர்கிற வாய்க்குள் ஒரு சின்ன ரப்பர் வாஷர் இருக்கிறது. வெயிலில் கிடந்து காய்ந்து விரிசல் விட்டிருக்கும். அதை மாற்றினால் கேஜ் பிழைத்துக்கொள்ளும். கண்ணாடி உடைந்த கேஜையும் உடனே தூக்கிப்போட வேண்டாம். முள் வளையாமல், உள்ளே மண் போகாமல் இருந்தால் வேலை செய்யும். திரவம் நிரப்பிய கேஜில் மேலே தெரியும் காற்றுக்குமிழியும் கோளாறு அல்ல. சூட்டில் திரவம் விரிய இடம் வேண்டும் என்று வேண்டுமென்றே விட்டது.

பென்சில் கேஜ் வேறு ரகம். அமெரிக்காவின் ஷ்ரேடர் நிறுவனம் 1909இல் கொண்டுவந்த அந்தக் குச்சி இன்றும் அப்படியே இருக்கிறது. உள்ளே ஒரு ஸ்பிரிங், அதை எதிர்த்துத் தள்ளும் ஒரு ரப்பர் பிஸ்டன், வெளியே நீளும் எண் போட்ட குச்சி, அவ்வளவுதான். ரப்பர் காய்ந்தால் காற்று பக்கவாட்டில் கசியும், அளவு குறைத்துக் காட்டும். நாமும் டயரில் காற்று குறைவு என்று நினைத்து மேலும் மேலும் அடிப்போம். பென்சில் கேஜுக்குள் எண்ணெய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய் தூசியைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், அடுத்த மாதமே குச்சி சிக்கும். ரப்பர் தனியாகக் கிடைக்காவிட்டால் புதிது வாங்கிவிடுவதே நல்லது.

“லாரிக்குப் பார்க்கிற கேஜ் பைக்குக்குச் சரிவராதா?” வராது. கேஜின் பிழையை அதன் முழு அளவில் சதவீதமாகத்தான் சொல்வார்கள். 200 பாயிண்ட் கேஜில் 2 சதவீதம் என்றால் 4 பாயிண்ட். லாரியின் நூறுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் அது பெரிதல்ல. 28 வைக்க வேண்டிய பைக் டயரில் அதே 4 ஏழில் ஒரு பங்கு. பைக்குக்கு 60 வரை அளக்கும் கேஜ் போதும். டிஜிட்டலில் 31.5 என்று புள்ளி போட்டுக் காட்டுவதால் மட்டும் அது துல்லியமாகிவிடாது. பேட்டரி இறங்கினாலோ சென்சார் பழுதானாலோ தவறான எண்ணையும் அதே புள்ளியோடுதான் காட்டும்.

காரில் எச்சரிக்கை விளக்கு இருக்கிறதே என்பார்கள். அமெரிக்க விதிப்படி அந்த விளக்கு எரிய வேண்டிய எல்லை, சிபாரிசு அளவைவிட 25 சதவீதம் குறையும்போதுதான். 32 வைக்க வேண்டிய டயர் 24க்கு இறங்கும் வரை விளக்கு சும்மா இருக்கலாம்.

சித்திரை வெயிலில் கேஜ் மேல் பழி விழுவதும் வழக்கம். “காலையில் 30, மதியம் 33 காட்டுகிறது, கேஜ் சரியில்லை.” கேஜ் சரியாகத்தான் இருக்கிறது. 10 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் டயருக்குள் சுமார் ஒன்றரை பாயிண்ட் ஏறும். ஓடிய சூடும் சேர்ந்தால் இன்னும் கூடும். நிறுவனம் சொல்லும் அளவு ஆறிய டயருக்கானது. சூட்டில் கூடியதைக் கண்டு காற்றை இறக்கிவிட்டால் இரவில் டயர் தளர்ந்துவிடும். மறுநாள் அந்தத் தளர்ந்த டயரில் பாரம் ஏற்றி ஓட்டினால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். டயர் வெடிப்பது பெரும்பாலும் இப்படித்தான். கோடைக்குக் காற்றைக் குறைத்து வைக்கிற பழக்கத்தை நம் ஊர் ஓட்டுநர்கள் விட்டாக வேண்டும்.

பழைய கேஜை வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்று முடிவு செய்ய, வண்டி ஓடாத விடியற்காலையில் ஒரே டயரில் மூன்று கேஜ்களை அடுத்தடுத்து வையுங்கள். இரண்டு ஒத்துப்போய் உங்களுடையது மட்டும் 2 பாயிண்டுக்கு மேல் விலகினால் மாற்றுங்கள். ஒரே கேஜை மூன்று முறை வைத்து மூன்று எண் வந்தால் ஒப்பிடவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஆய்வகத்தில் அளவுதிருத்தம் செய்யலாம்தான். வீட்டுக் கேஜுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. பஞ்சர் கடைக்காரர் ஒரு நல்ல கேஜை வாங்கி, அதில் தினமும் அளக்காமல், துணியில் சுற்றித் தனியே வைத்திருந்து, மாதம் ஒருமுறை தொங்கும் கேஜை அதோடு ஒப்பிட்டால் போதும். துப்பாக்கி மாதிரிக் கேஜ் என்றால் விசையை அழுத்திக்கொண்டே எண்ணைப் பார்க்கக் கூடாது. அப்போது முள் காட்டுவது குழாயில் வரும் அழுத்தத்தை. விசையை விட்டு, முள் நின்ற பிறகு பாருங்கள்.