வாசல் கதவுக்கு எந்தப் பாலிஷ்?

இரண்டு வருஷத்துக்கு முன் தேக்குக் கதவுகளுக்கு மெலமைன் பாலிஷ் போட்டோம். உள் கதவுகள் புதுசு போல இருக்க, வாசல் கதவு மட்டும் உரிகிறதே?

மெலமைன் வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்கானது. வெயில் பட்டால் வெடித்து உரியும். வாசல் கதவுக்கு வெயில் தாங்கும் பியூ (பாலியூரித்தேன்) பூச்சே சரி. பழைய பூச்சை முழுவதும் எடுத்துவிட்டு 120, 180, 220 எண் உப்புத்தாள்களால் வரிசையாக, ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே விழுந்த கீறல், பியூவுக்கு முன் தடவும் ஸ்டெய்ன் (மரச்சாயம்) ஏறியதும் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். நிறமி கலந்த ஸ்டெய்னே நல்லது. வெயிலை மறிப்பது அந்த நிறமிதான். துணியால் தடவி, சில நிமிடங்களில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது கதவின் அடிவிளிம்பு. மழைநீர் ஏறுவதோ அங்கேதான். கதவைக் கழற்றியாவது அங்கும் பூசுவது அவசியம்.