டயாலிசிஸ் வீட்டில் திடீர் நடுக்கமா? ‘காலையில பார்த்துக்கலாம்’ வேண்டாம்!

வாரத்துக்கு மூணு நாள் வீட்டு நோயாளியை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போய் வர்றதுலயே உனக்குப் பாதி உசுரு போகுது, தெரியும். தண்ணியை அளந்து கொடுக்குறே, வாழைப்பழத்தை ஒளிச்சு வைக்கிறே, சரி. அவரோட குதிகால் வெடிப்பைக் கடைசியா எப்போ பார்த்தே? ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்கு அந்த வெடிப்பே போதும். கிட்னி போனவங்களுக்கு எதிர்ப்பு சக்தி மட்டு. கிருமி ரத்தத்துல கலந்துட்டா செப்சிஸ் ஆகி, சில மணி நேரத்துலயே பிரஷர் சரிஞ்சு செப்டிக் ஷாக் வரைக்கும் போயிடலாம்.

1. தினமும் காலைப் பாரு. விரலிடுக்கு, குதிகால், நகக்கண் எல்லாம். சர்க்கரையும் இருந்தா முள்ளு குத்தினாகூட அவருக்குத் தெரியாமப் போகலாம். வெடிப்புக்கு வாஸ்லின் தடவு. பிளேடால சுரண்டுறதும் வேண்டாம், காப்பித்தூள் அப்புறதும் வேண்டாம்.

2. கழுத்துல ட்யூப் இருந்தா கட்டு நனையக் கூடாது. நனைஞ்சா வீட்டுல பிரிக்காதே, டயாலிசிஸ் யூனிட்டுக்குப் போ. ஃபிஸ்டுலா கையை டயாலிசிஸ் ஊசி போடுறதுக்கு முன்னாடி சோப்பு போட்டுக் கழுவச் சொல்லு.

3. காய்ச்சல் ஏறட்டும்னு காத்திருக்காதே. இவங்களுக்குத் தெர்மாமீட்டர் நார்மல்னே காட்டலாம். நடுக்கம், மூச்சு வாங்குறது, பேச்சு குழம்புறது, இதெல்லாம்தான் அடையாளம். எப்பவும் 150 இருக்கிற பிரஷர் 100-க்கு வந்தா, ‘நல்லாத்தானே இருக்கு’ன்னு சந்தோஷப்படாதே, அது இறங்குமுகம். கால்ல சிவப்பு கொஞ்சம்தான், வலி மட்டும் உயிர் போகுதுன்னு துடிச்சா, உள்ளே சதை அழுக ஆரம்பிச்சிருக்கலாம். ‘டயாலிசிஸ் களைப்பு’ன்னு போர்த்திப் படுக்க வைக்கிற தப்பைத்தான் நிறைய வீட்டுல பண்றாங்க.

4. மெடிக்கல் ஷாப் வலி மாத்திரை கூடாது. டப்பாவுல மிச்சமிருக்கிற ஆன்டிபயாட்டிக்கும் கூடாது. ஆன்டிபயாட்டிக் போட்டா பிளட் கல்ச்சர்ல கிருமி சிக்காமப் போயிடலாம்.

5. மேலே சொன்ன அடையாளம் தெரிஞ்சா உடனே 108. டயாலிசிஸ் நோட்டு, மாத்திரைச் சீட்டு ரெண்டும் ஒரே பையில எப்பவும் ரெடியா இருக்கட்டும். எமர்ஜென்சியில கதை சொல்லாதே. “டயாலிசிஸ் பேஷன்ட், நடுக்கம், பிரஷர் இறங்குது, செப்சிஸான்னு பாருங்க”ன்னு சொல்லு. கடைசி டயாலிசிஸ் என்னைக்கு, டிரை வெயிட் எவ்வளவு, எந்த மருந்து ஒத்துக்காது, இதையும் சேர்த்துச் சொல்லிடு. ஃபிஸ்டுலா கையில ஊசி குத்த விடாதே.

6. டாக்டர் சலைன் ஏத்தினா, “ஐயோ, தண்ணி கூடாதே!”ன்னு குறுக்கே விழாதே. ஷாக்ல அது வேணும். அளவை அவங்க பார்த்துப்பாங்க. கூடிப்போனா அப்புறம் டயாலிசிஸ்ல எடுத்துக்கலாம்.

அடுத்த தடவை போறப்போ நிமோனியா தடுப்பூசி போட்டாச்சான்னு நெஃப்ரோ டாக்டர்கிட்ட கேளு. அந்தத் தடுப்பூசி தடுக்கிற நிமோகாக்கஸ் கிருமியும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குடும்பம்தான்.