தோளில் தண்ணீர்

தாராவியில் ஒரு திருநெல்வேலிக் குடும்பம். மே மாத ஞாயிறு. ஜூஹு கடற்கரைக்குக் கிளம்பினார்கள்.

மருமகளின் இரு கைகளிலும் பிள்ளைகள். “தண்ணீரை எப்படித் தூக்குவேன், அத்தை?” என்றாள். ஆச்சி பழைய துணியில் பை தைத்தாள். நீண்ட வார் வைத்தாள். பாட்டில் தோளில் தொங்கியது.

கடற்கரையில் காற்று வீசியது. ஆனாலும் உடல் வியர்த்தது. வியர்வையில் நீரும் உப்பும் போகும்.

பேரனுக்குத் தாகம். கடல்நீரை அள்ளினான். “குடிக்காதே!” என்றாள் ஆச்சி. அம்மா தோள் பாட்டிலை நீட்டினாள்.

1 லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. குடித்தால் தாகம் கூடும். உடலில் நீர் குறையும்.

தாகம் எடுக்கும்வரை காத்திராதீர்கள். அடிக்கடி நல்ல தண்ணீர் குடியுங்கள். தலை சுற்றினால் நிழலுக்குப் போங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.