புழக்கடையில் நாட்டு மக்காச்சோளமும் பூச்செடிகளும்

மானாவாரிக் கிராமங்களில் அநேக வீடுகளின் பின்புறத்தில் சிறிது நிலம் வீணே கிடப்பதும், பாத்திரம் கழுவிய ஜலம் அங்கே தேங்கிக் கொசுவுக்கு இருப்பிடமாவதும் யாவரும் அறிந்ததே. அந்நிலத்தில் 12 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள ஒரு பாத்தியைத் திருத்தினால், நாட்டு மக்காச்சோளத்தையும் அதன் ஓரத்தில் பூச்செடிகளையும் பயிரிடலாம். பயிரிடுதல் எளிது; அவ்விதையை வருஷந்தோறும் கெடாமல் காப்பதே கடினம். தனிக் குடும்பத்தால் ஆகாத அக்காரியம், பத்துக் குடும்பங்கள் கூடினால் கைகூடும் வகையை இப்பாடத்தில் காணலாம்.

விதையின் குணம்

மக்காச்சோளத்தின் தாயகம் மெக்ஸிகோ தேசம். இந்தியாவில் இதன் வீரிய ஒட்டு ரகங்கள் 1961ஆம் வருஷத்தில் முதன்முதலாக வெளியிடப்பட்டன. வயலில் அவை நாட்டு ரகங்களைவிட அதிக மகசூல் தருகின்றன என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவற்றின் மணியை எடுத்து மறுபடி விதைத்தால், செடிகள் ஒரே சீராக வளர்வதில்லை, மகசூலும் குறைகிறது. ஆகையால் வருஷந்தோறும் விதையை விலைக்கு வாங்க வேண்டும். நாட்டு ரகமோ, முறைப்படி காக்கப்படின், தன் குணம் மாறாமல் மீண்டும் மீண்டும் விளையும்.

விதை, தான் வளரும் இடத்துக்கு எவ்வளவு இசைந்துவிடும் என்பதற்கு அமெரிக்காவின் அரிஜோனா ராஜ்யத்தில் வாழும் ஹோப்பி மக்களின் பயிர் ஓர் உதாரணம். வருஷத்தில் சுமார் 10 அங்குலமே மழை பெய்யும் அம்மணற்பூமியில், அவர்கள் பாசனமின்றியே மக்காச்சோளம் விளைவிக்கின்றனர். மணலின் கீழே நிற்கும் ஈரத்தை எட்டும்படி அரை அடிக்கும் அதிகமான ஆழத்தில் பல மணிகளை ஒரே குழியில் இட்டு, குழிகளுக்கிடையே மிகுந்த இடம் விடுகின்றனர். அத்தனை ஆழத்திலிருந்து முளை மேலே வருவது, தலைமுறை தலைமுறையாக அவர்கள் காத்துவந்த விதையின் சக்தியாகும். சாதாரண விதையை அவ்வாறு புதைத்தால் முளை வெளிவராமல் மடியும். ஆதலால் இவ்விடத்தில் ஒன்றரை முதல் 2 அங்குல ஆழமே போதும்.

பாத்தியும் ஜலமும்

புரட்டாசியில் நன்கு மக்கிய எருவிட்டுக் கொத்தி, 2 அடி இடைவெளியில் 5 வரிசைகள் அமைத்து, வரிசையில் ஓர் அடிக்கு ஒரு குழியாக 2 மணிகள் இட வேண்டும். முளைத்தபின் நல்லதொன்றை நிறுத்தி மற்றதைக் களைந்தால் 60 செடிகள் நிற்கும்.

இப்பயிருக்கு முதிரும்வரை குறைந்தது 500 மில்லிமீட்டர் ஜலம் தேவை. மேற்படி பாத்திக்கு அது சுமார் 5,500 லிட்டர். நூறு நாளில் பங்கிட்டால், 15 லிட்டர் குடத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 குடம். வடகிழக்குப் பருவமழை பெய்யுமளவுக்கு இது குறையும். சருகையும் வைக்கோலையும் மண்ணின்மேல் பரப்பினால் ஈரம் காயாமல் நிற்கும். ஒரு மாதத்தில் களை எடுத்து மண் அணைக்க வேண்டும். 2018ஆம் வருஷத்தில் இந்தியாவில் முதன்முதல் காணப்பட்ட படைப்புழு குருத்தைத் தின்னக்கூடுமாதலால், நாள்தோறும் குருத்தைப் பார்த்து, முட்டையையும் புழுவையும் கையால் எடுத்து அழித்தல் அவசியம்.

மணி பிடிக்கும் சமயம்

செடியின் உச்சியிலுள்ள குஞ்சம் ஆண் பூ. பக்கத்தில் தோன்றும் கதிரின் நுனியில் தொங்கும் பட்டிழை ஒவ்வொன்றும் ஒரு மணிக்கு உரியது. காற்றில் வரும் மகரந்தம் எந்த இழையில் படவில்லையோ அந்த இழைக்குரிய மணி பிடிப்பதில்லை. வேலியோரம் ஒற்றை வரிசையாக விதைத்தவர்களின் கதிர்கள் பொக்காவதற்கு இதுவே முக்கிய காரணம். சதுரமாக விதைப்பதன் பயனும் இதுவே. ஜலம் குறைந்தால் குஞ்சம் முன்னே உதிர, பட்டிழை பிந்தி வரும். ஆகவே மற்ற நாட்களில் சிக்கனம் செய்தாலும், குஞ்சம் விடுவதற்கு ஒரு வாரம் முன்னும் இரண்டு வாரம் பின்னும் ஜலத்தைக் குறைக்கலாகாது.

பூச்செடிகள்

பாத்தியின் தெற்கு ஓரத்தில் செண்டுமல்லியும் வாடாமல்லியும் நடலாம். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், சோளத்தின் நிழல் அவற்றின்மேல் விழாது. ஐப்பசி தொடக்கத்தில் செண்டுமல்லி நாற்றுவிட்டு, மாத இறுதியில் நட்டால் பொங்கலுக்குப் பூ கிடைக்கும். மாட்டுக்கு மாலை கட்டியது போக எஞ்சியதை விற்கலாம். வாடாமல்லி வறட்சியைத் தாங்கும். பறித்து உலர்ந்தபின்னும் நிறம் மங்குவதில்லை. இரண்டிலும் சிறந்த செடிகளின் பூக்களைப் பறிக்காமல் முதிரவிட்டு விதைக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

விதை காக்கும் முறை

ஒரு பர்லாங்குக்குள், அதாவது சுமார் 200 மீட்டருக்குள், வேறு மக்காச்சோளம் பூத்தால் அதன் மகரந்தம் கலந்துவிடும். அங்ஙனமாயின் நான்கு வாரம் முன்பின்னாக விதைத்துப் பூக்கும் காலத்தை மாற்றுவது நன்று.

இதனினும் பெரிய அபாயம் வேறொன்றுண்டு. ஒரு குடியானவர் 60 செடியில் பருத்த இரண்டொரு கதிரை மட்டும் விதைக்கு நிறுத்துகிறார். சில வருஷங்களில் செடி குட்டையாகிக் கதிர் சிறுத்துவிடுகிறது. அவர் மண்ணையும் எருவையும் நொந்துகொண்டு விதையைக் கைவிடுகிறார். ஒரே காளையின் சந்ததிக்குள்ளேயே மீண்டும் மீண்டும் கன்று ஈனச் செய்தால் மந்தை நலிவது போன்றதே இது. மக்காச்சோள ரகம் ஒன்று வலிமை குன்றாதிருக்க, குறைந்தது 100 செடிகளின் கதிரிலிருந்து விதை எடுக்க வேண்டும். 200 ஆயின் உத்தமம். புழக்கடை ஒன்றில் அத்தனை செடிக்கு இடமேது?

இங்கேதான் சங்கத்தின் உதவி வேண்டும். பத்து வீட்டார் ஒரே ரகத்தைப் பயிரிட வேண்டும். நோயின்றி, வாட்டத்தைத் தாங்கி நின்ற 20 செடிகளிலிருந்து ஒவ்வொரு வீட்டாரும் செடிக்கொரு கதிராக எடுத்து, உறையால் முடிந்து, அடுப்புப் புகையில் தொங்கவிட்டு உலர்த்த வேண்டும். பின்னர் 200 கதிர்களையும் சங்கத்தில் சேர்த்து, அடியும் நுனியும் நீக்கி, நடுவிலிருந்து கதிருக்கு 12 மணி வீதம் சமமாக எடுத்துக் கலந்தால் 2,400 மணிகள் ஆகும். பெரிய கதிரென்று அதிகமும் சிறியதென்று குறைவும் எடுக்கலாகாது. வீட்டுக்கு 120 மணி வீதம் பங்கிட்டது போக எஞ்சிய பாதியை, பல்லில் கடித்தால் நொறுங்கும்படி உலர்த்தி, சாம்பல் கலந்த கலயத்தில் மூடிச் சங்கத்தில் இருப்பு வைக்க வேண்டும். மழை பொய்த்த வருஷத்துக்கு அதுவே முதல். எஞ்சிய தானியம் அவரவர் வீட்டு உணவுக்காகும்.

விவசாயிகள் தம் விளைச்சலில் விதை எடுத்து வைக்கவும், பயன்படுத்தவும், பரிமாறிக்கொள்ளவும் 2001ஆம் வருஷத்திய பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் இடமளிக்கிறது. ஆதலால் இதற்குச் சட்டத் தடையில்லை. வேண்டுவது, பத்துப் பெயரும் கதிர்களின் எண்ணிக்கையும் எழுதுவதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும், முறை தவறாத நடத்தையுமே. அடுத்த புரட்டாசிக்கு முன் கூடும் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனை ஆலோசித்து, ரகம் இன்னதென்றும் இருப்புக் கலயம் யார் பொறுப்பில் என்றும் தீர்மானித்துக்கொள்வார்களாக.