பழைய டிரெய்லர் விற்பனை: எழுத்தில் இருந்தால் வம்பில்லை

பொன்னேரி, மீஞ்சூர், சோழவரம் பகுதிச் சிறு விவசாயிகள் புது டிரெய்லர் வாங்க இயலாதபோது, எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் சரக்கு இழுத்த பழைய டிரெய்லரை விலை பேசுவதுண்டு. "இருக்கிறது இருக்கிறபடி எடுத்துக்கொள்" என்று வாய்ப்பேச்சில் பணம் கைமாறும். பின்னால் வரும் தொல்லை இருவருக்கும் பெரிது.

ஏன் எழுத்து வேண்டும்?

2007இல் ஒருவர் தம் காரை விற்றார். அது பல கை மாறியது, பதிவுப் புத்தகத்தில் (ஆர்.சி.) மட்டும் பழைய பெயரே இருந்தது. 2009இல் அக்கார் பின்னோக்கி வந்து மோதியதில் ஒருவர் இறந்தார். காருக்கு இன்சூரன்சும் இல்லை. பதிவில் பெயர் உள்ளவரே நஷ்ட ஈடு தர வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

டிரெய்லருக்கும் இதே கதிதான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே. டிராக்டருக்கு ஒரு பதிவு, டிரெய்லருக்குத் தனிப் பதிவு. பட்டறையில் கட்டிப் பதிவே செய்யாத பெட்டியை மலிவு என்று வாங்காதீர்கள்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

1. டிரெய்லருக்கு எஞ்சின் எண் கிடையாது. சேசிஸ் எண்தான் அடையாளம். அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள்.

2. ஆர்.சி.யில் வங்கிக் கடன் குறிப்பு இருந்தால், கடன் தீர்ந்த சான்றும், வங்கி கையொப்பமிட்ட படிவம் 35உம் கேட்டு வாங்குங்கள்.

3. கடற்காற்று இரும்பை அரிக்கும். பெயின்ட் புதிதாய் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அடித்தகடு, சேசிஸ் வெல்டிங், இழுவைக் கொக்கி வளையம், ஸ்பிரிங் பட்டை, சக்கர பேரிங், டயர் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பாரம் ஏற்றி இழுத்தும் பாருங்கள்.

'உள்ளது உள்ளபடி' என்றால் என்ன?

கண்ணுக்குத் தெரியும் குறையைப் பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டமும் பொதுவாக அப்படியே சொல்கிறது. ஆனால் விற்பவர் வெடிப்பை மெழுகி மறைத்தாலோ, தமக்கு உரிமையில்லாததை விற்றாலோ இந்தச் சொல் அவரைக் காப்பாற்றாது. ஆகவே தெரிந்த குறைகளை அவரே எழுதிக் கொடுப்பது அவருக்குத்தான் நல்லது.

மாதிரி விற்பனை ரசீது

"…… ஊர் …… மகன் …… ஆகிய நான், …… ஊர் …… மகன் …… அவர்களுக்கு, பதிவு எண் ……, சேசிஸ் எண் …… கொண்ட என் டிரெய்லரை ரூ. ……க்கு விற்று, முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன். இதன்மேல் கடனோ வழக்கோ இல்லை. எனக்குத் தெரிந்த குறைகள்: ……. வாங்குபவர் நேரில் பார்த்து, உள்ளது உள்ளபடி ஏற்றுக்கொண்டார். …… தேதி, …… மணிக்கு ஒப்படைத்தேன்."

இருவரும், இரண்டு சாட்சிகளும் கையொப்பமிட வேண்டும். தொகை ரூ.5,000க்கு மேலானால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி அதன்மேல் விற்பவர் கையொப்பமிட வேண்டும். இரண்டு பிரதி எழுதி ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். தேதியோடு மணியையும் எழுதுவது, அன்று மாலையே விபத்து நேர்ந்தால் வண்டி யார் வசம் இருந்தது என்று காட்டும். பணத்தை வங்கி மூலம் கொடுத்தால் அதுவும் ஒரு சாட்சி.

ரசீதோடு வேலை முடியவில்லை

ரசீது உங்கள் இருவருக்கிடையே மட்டும் பேசும். பதிவில் பெயர் மாறினால்தான் ஊருக்கும் நீதிமன்றத்துக்கும் அது செல்லும்.

* விற்றவர் 14 நாட்களுக்குள் படிவம் 29இல் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.
* வாங்கியவர் 30 நாட்களுக்குள் படிவம் 30இல் பெயர் மாற்றம் கோர வேண்டும்.
* இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வாங்கியவர் 14 நாட்களுக்குள் எழுத வேண்டும். பாலிசியில் டிரெய்லரும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

விற்கும் விவசாயிகளே, வாங்கியவர் பெயர் மாற்றிக்கொள்வார் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். படிவம் 29 கொடுத்த ஒப்புகைச் சீட்டைப் பட்டா, சிட்டாவோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். பெயர் மாறிய ஆர்.சி. நகலைக் கண்ணால் பார்க்கும்வரை அந்த டிரெய்லர் சட்டத்தின் பார்வையில் உங்களுடையதுதான்.