சைலோவின் சுவர் சுமப்பது எவ்வளவு?

கேள்வி: செம்பனை ஆலையில் பருப்பு சேமிக்கும் எஃகு சைலோவின் பளுவை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?
- வாசகர், பண்டார் தெங்காரா

பதில்: தண்ணீர்த் தொட்டியின் கணக்கு சைலோவுக்குப் பொருந்தாது. தண்ணீரில் ஆழம் கூடக் கூட அழுத்தமும் கூடும். பருப்போ சுவரோடு உராய்ந்து, தன் எடையில் பெரும்பங்கைச் சுவரிலேயே ஏற்றிவிடும். இதற்கான சூத்திரத்தை ஜெர்மானியப் பொறியாளர் யான்சன் 1895இல் தந்தார்; இன்றும் அதுதான் அடிப்படை.

4 மீட்டர் விட்டம், 12 மீட்டர் உயரம், கன மீட்டருக்கு 6 கிலோநியூட்டன் எடை, சுவர் உராய்வு 0.4, பக்க அழுத்த விகிதம் 0.5 என்று கொள்வோம். அடியில் பக்க அழுத்தம் ஏறக்குறைய 13.6 கிலோபாஸ்கல். அதே எடையுள்ள திரவமென்றால் 72! ஆனால் மொத்த எடையில் சுமார் 62 சதவீதம் சுவர்வழி இறங்குகிறது. அதனால் மெல்லிய எஃகுத் தகடு வெடிப்பதைவிட நெளிந்து மடங்குவதற்கே அதிகம் அஞ்ச வேண்டும்.

உராய்வு குறைந்தால் பக்க அழுத்தம் கூடும்; உராய்வு கூடினால் சுவரின் சுமை கூடும். எனவே ஐரோப்பிய நெறியான இஎன் 1991-4 இரு எல்லை மதிப்புகளையும் சோதிக்கச் சொல்கிறது. பருப்பை இறக்கும்போது அழுத்தம் எகிறும். இறக்கும் வாய் ஓரமாக இருந்தால் அந்த அழுத்தம் ஒருபக்கமாகச் சாயும். சைலோவைக் கணக்கிடும் கணினி மாதிரியில் இந்த ஒருபக்க அழுத்தத்தை விட்டுவிட்டால் அந்த மாதிரியை நம்பக்கூடாது.